கல்லூரியில் எல்லோருக்கும் கட்டாய மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு: பயன் உண்டா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். வரும் செமஸ்டரிலிருந்து வாரம் ஒரு பீரியட் எல்லா மாணவர்களுக்கும், மாதம் ஒரு சனிக்கிழமை எல்லா ஊழியர்களுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சையும் உடம்பையும் கவனித்துப் பழகுகிற தியானப் பயிற்சி) வகுப்பு என்று நிர்வாகம் முடிவு செய்து உங்களைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டது. இதனால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டாவது முறை படித்தபோது அதற்குள் வேறு இரண்டு கேள்விகளும் இருப்பது தெரிந்தது. ஒன்று, கட்டாயப்படுத்தி நடத்துவது சரியா, சரியில்லை என்றால் அதை மேலிடத்தில் எப்படிச் சொல்வது. இன்னொன்று, “எனக்கே ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை, நான் எப்படி மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது” என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. மூன்றுக்கும் என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் உளவியல் படித்துவிட்டு ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் பல வருடங்களாக மாணவர்களையும் ஆசிரியர்களையும் பார்த்துவருகிறேன், எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புகளும் எடுக்கிறேன். மனநல மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். முகம் பார்க்காமல் யாருக்கும் இன்ன பிரச்சினை என்று தீர்ப்பும் சொல்ல மாட்டேன்.

நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரும்பி வருகிற பதினைந்து இருபது பேருக்கு, இதை முறையாகக் கற்ற ஒருவர், சில வாரங்கள் விடாமல் நடத்தினால் பயன் உண்டு. அதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களை ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, வருகைப் பதிவு எடுத்து, “கண்ணை மூடுங்கள்” என்று மைக்கில் சொன்னால் பயன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிலருக்கு அது சிரமத்தைக் கொடுக்கவும் கூடும்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் மனதைக் காலியாக்குவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்தால் முதல் வாரமே சோர்ந்துபோவீர்கள், அதனால் ஒரு பத்து நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி உள்ளங்கால் தரையில் படும்படி உட்காரச் சொல்வேன். கண்ணை மூட விருப்பமில்லாதவர்கள் முன்னால் தரையில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதலில் தரை குளிர்ச்சியாக இருக்கிறதா, நாற்காலி முதுகில் எங்கே படுகிறது என்று கவனிப்பார்கள், அப்புறம் மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறது, மூக்கு நுனியிலா வயிற்றிலா என்று. அரை நிமிடம்கூட ஆகாது, மனம் ‘நாளைக்கு ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கணும்’ என்று கிளம்பிவிடும், அங்கிருந்து அந்த லேப் மேடம், போன வருட அரியர், அப்பா கட்டிய ஃபீஸ் என்று ஒரு சுற்று போய்விட்டு எங்கேயோ ஓர் இடத்தில் ‘அட, நான் எங்கேயோ போய்விட்டேனே’ என்று தெரியவரும். அப்படித் தெரியவருகிற கணம்தான் பயிற்சியின் மையம். அங்கிருந்து தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடி மூச்சுக்கோ பாதத்துக்கோ வருவது. பத்து நிமிடத்தில் இது முப்பது தடவை நடந்தால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது என்று பொருள்.

அதன் பிறகு நடக்கிற பேச்சு வகுப்பில் பாதி. ஒரு மாணவன் “எனக்கு மனசு அடங்கவே இல்ல மேம், எனக்கு இது வராது” என்பான். “போனது தெரிந்ததா? எங்கே போனது?” என்று கேட்பேன். சொல்வான். “போனது தெரிந்தபோது என்ன செய்தாய்?” “கடுப்பாச்சு.” அந்தக் கடுப்பு உடம்பில் எங்கே தெரிந்தது என்று கேட்டால் தாடை, தோள் என்று கண்டுபிடிப்பான். தேர்வு அறையில் தெரியாத கேள்வியைப் பார்க்கும்போது வருவதும் அதே தாடைதான் என்று அவனே சொல்கிற நாள் ஒன்று வரும். இந்த உரையாடல் இல்லாமல் ஒலிப்பதிவை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால் கிடைப்பது பத்து நிமிட ஓய்வு. ஓய்வு நல்லதுதான், ஆனால் ஆராய்ச்சிகளில் சோதித்த விஷயம் அது இல்லை.

இந்தப் பயிற்சிக்கு வேர் பௌத்த தியானத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்குள் மதச்சார்பில்லாத வடிவில் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கினார். எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினப் பயிற்சி என்கிற சட்டகம் அங்கிருந்து வந்தது. பின்னால் செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் இதை மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, அது மறுபடி வராமல் தடுக்கும் சிகிச்சையாக வடிவமைத்தார்கள்.

பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் எடுப்பது கேம்பிரிட்ஜ் ஆய்வை. 616 மாணவர்கள், எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு எட்டு வார வகுப்பு கொடுத்தார்கள், மறு பாதிக்கு வழக்கமாக இருக்கும் ஆலோசனை வசதி மட்டும். வகுப்பு ஒவ்வொன்றும் 75 முதல் 90 நிமிடம். வீட்டுப் பயிற்சி 8 நிமிடத்தில் தொடங்கி மெதுவாக 15-25 நிமிடம் வரை. வகுப்பு முடிந்த உடனே அளந்து பார்த்துவிட்டு அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது. மாதக்கணக்கில் காத்திருந்து, ஆண்டுத் தேர்வு நேரத்தில், மாணவர்கள் உச்சக்கட்ட நெருக்கடியில் இருக்கும்போது அளந்தார்கள். மன உளைச்சல் மருத்துவ ரீதியாகக் கவலைப்பட வேண்டிய அளவைத் தாண்டியவர்கள் வகுப்புக்குப் போகாதவர்களில் 57 சதவீதம், போனவர்களில் 37 சதவீதம். 2018-இல் லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்தது. இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

அதே ஆய்வை இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 37 சதவீதம் என்றால் வகுப்புக்குப் போனவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தேர்வு நேரத்தில் நொந்துபோய்த்தான் இருந்தார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை வரவும் இல்லை. ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர்தான் பாதி வகுப்புகளையாவது முடித்தார்கள். மதிப்பெண் கூடியதா என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிடப்பட்டவர்களுக்கு அதே அளவு நேரம் வேறொரு குழு வகுப்பு நடக்கவில்லை. அதனால் கிடைத்த பயன் மூச்சைக் கவனித்ததாலா, இல்லை வாரா வாரம் கனிவான ஒருவர் முன்னால் பத்து இருபது பேரோடு உட்கார்ந்து ‘எனக்கும் இப்படித்தான்’ என்று பேச முடிந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் இரண்டாவதுக்கும் பெரிய பங்கு உண்டு. ஹாஸ்டலில் நான்கு பேர் ஒரே அறையில் இருந்துகொண்டே ஒருவர் அழுவது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கிற காலம் இது.

உடற்பயிற்சியோடு ஒப்பிட்டால் எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கின்றன. ஆனால் உடற்பயிற்சி போன்ற வேறு முயற்சிகளைவிட அவை மேலானவை என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே சாயங்காலம் வாலிபால் ஆடப் போகிற பையனை இழுத்துவந்து கண்ணை மூடி உட்காரவைக்கத் தேவையில்லை. அவன் ஆடட்டும். கல்லூரி மைதானத்தைப் பெண்களுக்கும் அதே நேரத்தில் திறந்துவிட்டாலே நிறையப் பேருக்குப் பெரிய உதவி, பல கல்லூரிகளில் அது இன்னும் நடக்கவில்லை.

கட்டாயம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் மிரியட் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது: 84 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள், விருப்பம் கேட்காமல் வகுப்பு முழுக்கப் பாடமாகச் சேர்த்து நடத்தினார்கள். 2022-இல் முடிவு வந்தபோது வழக்கமான பாடத்திட்டத்தைவிட இதில் எந்தக் கூடுதல் பயனும் தெரியவில்லை. ஏற்கெனவே மன உளைச்சல் அதிகம் இருந்த பிள்ளைகள் சிலருக்கு லேசாக எதிர்த் திசையில் போனதற்கான அறிகுறியும் இருந்தது. பெரும்பாலானவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. இது பள்ளிக் குழந்தைகளைப் பற்றியது, 19 வயதுக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் விரும்பி வந்த கேம்பிரிட்ஜ் மாணவர்களையும், பீரியட் என்பதால் உட்கார்ந்த இந்தப் பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் நிர்வாகம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். அந்த ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொல்லித்தருவதற்காகத் தாங்களே முதலில் எட்டு வாரம் கற்றுக்கொண்ட ஆசிரியர்களுக்கு வேலைச் சோர்வு கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி கரைந்திருந்தது.

போஸ்டரில் போடக் கூடாதது ஒன்றும் உண்டு: ‘எட்டு வாரத்தில் மூளை வளரும்’ என்பது. 2011 வாக்கில் சிறிய அளவிலான ஆய்வுகளில் மூளையின் சில பகுதிகள் தடித்ததாகச் செய்தி வந்து உலகம் முழுக்கப் பரவியது. 2022-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், இருநூறுக்கு மேற்பட்டவர்களோடு இன்னும் கறாராகச் செய்து பார்த்தபோது மூளையின் அமைப்பில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. வெளியிட்டவர்கள் தியானத்துக்கு எதிரானவர்கள் இல்லை, பல வருடங்களாகத் தியானத்தையே ஆராய்கிற குழு. பொறியியல் மாணவர்கள் கூகுளில் தேடிப் பார்ப்பவர்கள். ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் மீதி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

யாருக்கு இது ஆகாது என்பதைப் பொறுப்பாளர் என்கிற முறையில் நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூச்சைக் கவனி என்றதும் சிலருக்கு மூச்சு முட்டும். பேனிக் அட்டாக் வந்து பழகியவர்கள், ஆஸ்துமா இருப்பவர்கள், கோவிட் காலத்தில் வீட்டில் யாரையாவது மூச்சுத்திணறலில் இழந்தவர்கள். கண்ணை மூடி உடம்பைக் கவனி என்றதும் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பழையது மொத்தமும் மேலே வரலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் என்பவர் தியானத்தால் வரும் இத்தகைய சிரமங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார். பயம், தூக்கமின்மை, தன் உடம்பே தன்னுடையது இல்லை என்கிற உணர்வு எல்லாம் அதில் உண்டு. எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை, பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகாது. ஆனால் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முகம் வெளுத்து கை நடுங்கினால் “அப்படியே கவனிம்மா, போயிடும்” என்று சொல்லக் கூடாது. கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் நீல நிறத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, துணையோடு வெளியே அழைத்துப் போக வேண்டும். எழுந்து போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கட்டாய வகுப்பில் இதைச் சொல்லவே முடியாது, எனக்கு அதன் மீது இருக்கிற பெரிய ஆட்சேபணை இதுதான்.

இதோடு சேர்ந்து வருகிற ஒன்று: மனது சரியில்லை என்று சொல்கிற மாணவரைப் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வா என்று அனுப்பிவிடும் வழக்கம். சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கிற தம்ம சேது உட்பட கோயங்கா மரபு மையங்களில் அது இலவசமாக, நல்ல ஒழுங்கோடு நடக்கிறது, போய்வந்து பயன்பெற்றவர்கள் ஏராளம். ஆனால் பத்து நாள் பேச்சில்லாமல் நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காருவது தீவிரமான பயிற்சி. கடுமையான மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று அவர்களே விதிமுறைகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர், காதில் குரல் கேட்கிறது என்பவர், நாள்கணக்கில் தூங்காமல் இருப்பவர், இவர்களுக்குத் தேவை மனநல மருத்துவர்.

சரி, நடத்துவது எப்படி. செமஸ்டர் முறையில் எட்டு வாரம் கிடைப்பது கஷ்டம், நடுவில் இன்டர்னல், சிம்போசியம், பொங்கல் லீவு என்று போய்விடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் இதே சிக்கலுக்காகவே கோரு என்று ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள்: 75 நிமிடம் வீதம் நான்கு வகுப்பு, தினம் பத்து நிமிடப் பயிற்சி. 90 மாணவர்களிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள், மன அழுத்தமும் தூக்கச் சிக்கலும் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் கல்லூரி நாட்காட்டிக்குள் அடங்குகிற அளவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாரா வாரம் எல்லோருக்கும் என்பதை மாற்றி, ஒரு செமஸ்டருக்கு மூன்று சிறு குழுக்கள், பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று கேட்பேன். முதலாண்டு மாணவர்களுக்கு, செமஸ்டர் தொடங்கி நான்கைந்து வாரம் கழித்து. வீட்டு ஏக்கமும் முதல் இன்டர்னல் மதிப்பெண்ணும் ஒரே நேரத்தில் தாக்குகிற சமயம் அது, தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக.

இன்டர்னல் மதிப்பெண் போடுகிற யாரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது, நீங்கள் உட்பட. உங்கள் துறை மாணவர்களை வேறொருவர் எடுக்கட்டும். மாணவர்களையும் ஊழியர்களையும் ஒரே அறையில் போடாதீர்கள். முனைவர் பட்ட மாணவர்களைத் தனிக் குழுவாக வையுங்கள். அவர்கள் பிரச்சினையில் பெரும்பகுதி கைடோடு இருக்கிற உறவு, ஸ்டைபண்ட் தாமதம், வீட்டில் கல்யாணப் பேச்சு, அதை இளநிலை மாணவர்கள் முன்னால் பேச மாட்டார்கள். ஓம் சொல்வது, விளக்கு ஏற்றுவது, படம் வைப்பது எதுவும் வேண்டாம். அதில் தவறு என்று சொல்லவில்லை, ஒரு இஸ்லாமிய மாணவியோ கிறிஸ்தவ மாணவரோ இது என் இடம் இல்லை என்று வாசலிலேயே திரும்பிப் போகக் கூடாது. கண் மூடி இருப்பவர்களைப் போட்டோ எடுக்கவே கூடாது. அங்கீகாரக் கோப்புக்கு ஜியோ-டேக் போட்டோ வேண்டும் என்று கேட்பார்கள். காலி அறையை, பலகையில் எழுதிய தலைப்போடு எடுத்துக் கொடுங்கள்.

ஊழியர்கள் விஷயத்தில் ஆதாரம் இன்னும் கறாராக இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு நலத்திட்டத்தை முழுமையாகச் சோதித்தார்கள். உடல் பரிசோதனை, உடற்பயிற்சி வகுப்பு, தை ச்சி என்கிற சீன உடற்பயிற்சி, பணத் திட்டமிடல், பங்கெடுத்தால் ஊக்கத்தொகை என்று எல்லாம் இருந்தது. மருத்துவச் செலவிலோ, வேலைத் திறனிலோ, விடுப்பு நாட்களிலோ சொல்லத்தக்க மாற்றம் வரவில்லை. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருந்தவர்கள் என்பதும் தெரிந்தது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரிடம் எடுத்த தகவல்களை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, நலச் செயலி என்று தனிமனிதரை மாற்ற முயலும் திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட மேலான நிலையில் இல்லை. ஒரே சமயத்தில் எடுத்த தகவல் என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வாரத்துக்கு இருபது மணி நேர வகுப்பு, நடுவில் அட்மிஷனுக்காக ஊர் ஊராகப் போய் பிளஸ் டூ வீடுகளின் கதவைத் தட்டுவது, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) கோப்பு, ராத்திரி பதினொன்றுக்குத் துறை வாட்ஸப் குழுவில் ‘நாளை காலை 9-க்குள் அனுப்பவும்’ என்று ஒரு எக்செல் ஷீட். இத்தனையும் இருக்கும்போது, இருக்கிற ஒரு சனிக்கிழமையையும் எடுத்துக்கொண்டு அமைதியாக மூச்சு விடச் சொன்னால் ஆசிரியர்களுக்குக் கோபம்தான் வரும், அந்தக் கோபம் நியாயமானது. வாட்ஸப்பில் இரவு எட்டுக்கு மேல் வேலை அனுப்பக் கூடாது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை வந்தால் பத்து தியான வகுப்பைவிட அதிகம் நன்மை செய்யும் என்று நம்புகிறேன். இதற்கு ஆய்வுச் சான்று கேட்காதீர்கள், என் அறைக்கு வந்து அழுத ஆசிரியர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

‘எல்லா ஊழியர்களும்’ என்று சுற்றறிக்கையில் எழுதினாலும் நடைமுறையில் அது ஆசிரியர்கள் மட்டும்தான். ஃபீஸ் கவுன்டரில் பெற்றோரின் கோபத்தை நேராக வாங்குகிற அலுவலகப் பெண்கள், ஹாஸ்டலில் இரவு முழுக்க ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற வார்டன்கள், லேப் உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் யாருக்கும் அழைப்பு வராது. ஒரு மாணவர் உடைந்துபோவதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் வார்டனோ, மெஸ்ஸில் பரிமாறுகிற அக்காவோதான். ‘அந்தப் பொண்ணு மூணு நாளா சாப்பிடவே வரலம்மா’ என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்திருக்கிறது, ஒரு முறை இல்லை. பட்டியல் போடும்போது அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். தூக்கம் வராததற்குத் தியானம் முதல் மருந்து இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற, அதற்கென்றே வடிவமைத்த அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது, மாத்திரைக்கும் முன்னால். அதில் வீட்டிலேயே தொடங்கக்கூடியவை சில உண்டு. எத்தனை மணிக்குத் தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். மத்தியானத் தூக்கமும் சாயங்காலக் காபியும் வேண்டாம். விடைத்தாள் திருத்துவது, ஃபோன் பார்ப்பது எல்லாம் கட்டிலுக்கு வெளியே. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால், கடிகாரம் பார்க்காமல், எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது மட்டும் திரும்பிப் போங்கள். முதல் வாரம் இன்னும் அலுப்பாக இருக்கும், இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் தெரியும். மைண்ட்ஃபுல்னெஸ் இதில் உதவுகிற இடம் ஒன்று உண்டு: ‘ஐயோ, மணி ரெண்டாச்சே, நாளைக்கு முதல் பீரியட் எப்படி எடுப்பேன்’ என்று ஓடுகிற எண்ணத்தை, எண்ணம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு. தூங்குவதற்காகத் தியானம் செய்யாதீர்கள், தூக்கம் வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். மூன்று மாதத்துக்கு மேலாக இப்படி இருக்கிறது என்றாலோ, காலையில் எழும்போதே வாழ்க்கை பாரமாகத் தெரிகிறது என்றாலோ, பொது மருத்துவரைப் பார்த்து தைராய்டு, ரத்தசோகை பரிசோதித்துவிட்டு மனநல மருத்துவரையும் ஒரு முறை பாருங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லித்தரலாமா என்றால், தூக்கம் சரியில்லாதது தடை இல்லை. நீங்களே ஓர் எட்டு வார வகுப்பில் மாணவியாக உட்காராமல் சொல்லித்தருவதுதான் தடை. இந்த செமஸ்டர் கற்றுக்கொள்கிறேன், அடுத்த செமஸ்டர் நடத்துகிறேன் என்று கேளுங்கள், நிர்வாகம் கட்டணம் கட்டட்டும்.

மேலிடத்தில் எப்படிச் சொல்வது என்பதற்கு உங்கள் கையில் நல்ல பிடி இருக்கிறது. 2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கல்வி நிறுவனங்களுக்கான மனநல வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத ஊழியர்கள் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது உளவியல் முதலுதவி, அபாய அறிகுறிகளைக் கண்டறிவது, யாரிடம் அனுப்புவது என்பதில் பயிற்சி தர வேண்டும். அதாவது அந்தச் சனிக்கிழமைகளில் இரண்டை இதற்குக் கொடுப்பது கல்லூரியின் கடமையும்கூட. ஆலோசகர் இல்லாத இடத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு தொடங்குவது ஆபத்து என்பதையும் எழுதுங்கள்; வகுப்பில் ஒருவர் உடைந்தால் அனுப்புவதற்கு ஆள் வேண்டும். இப்போதைக்கு 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எல்லா ஹாஸ்டல் மாடியிலும் ஒட்டச் சொல்லுங்கள், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எண் சரியாக வேலை செய்கிறதா என்று நீங்களே ஒரு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கடிதத்தில் நான்கு விஷயம் மட்டும் கேளுங்கள்: ஆலோசகர் நியமனம், உங்களுக்குப் பயிற்சி, விரும்புபவர்களுக்கு மட்டும் சிறு குழு, பெயர்ப் பட்டியலுக்குப் பதில் எண்ணிக்கை. முதல்வருக்கு அனுப்பும்போது ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு நகல் போடுங்கள். ஆவணம் கேட்பவர் அவர்தான். இத்தனை குழு, இத்தனை பேர், முன்னும் பின்னும் பெயரில்லாமல் எழுதிக் கொடுத்த மன அழுத்தப் படிவம் என்று கொடுத்தால் போதும் என்று அவர் ஒத்துக்கொண்டுவிட்டால், வருகைப் பதிவேட்டை யாரும் கேட்க மாட்டார்கள்.